மழைக்காலத்து வாடகைக்காரர்கள்

மும்பையில் ஏழைக் குடும்பத்தைச் சோதிக்கும் பருவம் மார்கழியோ தையோ இல்லை. ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய, ஆண்டு மழை ஏறத்தாழ முழுவதும் கொட்டித் தீர்க்கும் நான்கு மாதம்தான் அது. தாராவியில் கவிழ்த்த கூடைகளின் மேல் அப்பளம் உலர்த்தும் பெண்களுக்கு வெயில் இல்லாத நாள் கூலி இல்லாத நாள். கொத்து வேலை நின்றுவிடும், தெருக்கடை பாதியாகும். அதே மாதங்களில்தான் தார்ப்பாய் வாங்க வேண்டும், தகரக் கூரையின் ஓட்டையை அடைக்க வேண்டும், மலேரியாவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் சயான் மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும், பள்ளி திறந்த செலவையும் சமாளிக்க வேண்டும். வரவு குறைகிற மாதமும் செலவு கூடுகிற மாதமும் ஒன்றாகவே வருகின்றன. வாடகை மட்டும் மாறுவதில்லை. பிரிட்டன் போன்ற குளிர்நாட்டில் இதே நெருக்கடி டிசம்பரில் வருகிறது. அங்கே 1997 முதல் முதியோர் கையில் குளிர்கால எரிபொருள் செலவுக்கென்று அரசு பணம் கொடுத்துவருகிறது. யாருக்கு எல்லாம் தருவது என்று அங்கே இன்றும் சண்டை நடக்கிறது. ஆனால், தர வேண்டியது மனிதருக்கு, அதுவும் அந்தப் பருவத்தில் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. மும்பையின் வரலாறு வேறு வழியில் போயிருக்கிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நகரம் வாடகைக்காரர்களுக்காகச் சட்டம் இயற்றியிருக்கிறது, வரி விதித்திருக்கிறது, லட்சக்கணக்கில் வீடு கட்டியிருக்கிறது. ஆனால் அந்த உதவி ஏறக்குறைய எப்போதுமே கட்டடத்தின் பெயரில்தான் எழுதப்பட்டது. மழையில் நனைகிறவர் யார் என்பதைவிட அவர் எந்த வகைக் கட்டடத்தில் நனைகிறார் என்பதே அவருக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானித்தது. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று தமிழர்கள் அடர்ந்து வாழும் மூன்று பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

கதை 1896இல் வந்த பிளேக்கிலிருந்து தொடங்குகிறது. சால் எனப்படும், காற்றும் வெளிச்சமும் புகாத வரிசை அறைக் கட்டடங்களே நோயின் இருப்பிடம் என்று முடிவு கட்டிய அரசு 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. ஆரம்ப ஆண்டுகளில் டிரஸ்ட் கட்டியதைவிட இடித்தது அதிகம். வெளியேற்றப்பட்டவர்கள் பக்கத்துச் சால்களில் இன்னும் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். இருந்தாலும் அந்த நிறுவனம் விட்டுச்சென்ற ஒரு நல்ல சிந்தனையை மறந்துவிடக் கூடாது. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஆர் 1912 வாக்கில் ஒரு விதியை வலியுறுத்தினார். அறையின் அடியிலிருந்து 63½ பாகைக் கோணத்தில் வானத்தை நோக்கிக் கோடு இழுத்தால் எதிர்க் கட்டடம் அதை மறிக்கக் கூடாது. எளிமையாகச் சொன்னால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உயரத்தில் பாதியாவது இடைவெளி வேண்டும். வாடகைக்காரரின் நுரையீரலை முன்னிட்டுப் போடப்பட்ட கணக்கு இது. டிரஸ்ட் வகுத்த தாதர்-மாட்டுங்கா விரிவாக்கத்தில் அகலத் தெருக்களும் பூங்காக்களும் விட்டு மனைகள் குத்தகைக்கு விடப்பட்டன. மூன்று மாடிக் கட்டடங்கள் எழுந்தன, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வந்தது. தென்னிந்திய எழுத்தர்களும் கணக்கர்களும் அங்கே வாடகைக்குக் குடியேறினார்கள். இந்தப் பேட்டை உருவான விதத்தை நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆனால் மாதச் சம்பளமும் அலுவலக வேலையும் உள்ளவர்க்கே அந்த வாடகை கட்டுப்படியானது. இருப்புப்பாதைக்கு அந்தப் பக்கம், மாஹிம் கழிமுகத்தின் சதுப்பில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடுவோர் குடியிருந்தார்கள். காற்றையும் வெளிச்சத்தையும் பற்றிய விதி அவர்கள் பக்கம் வரவே இல்லை.

வாடகையின் சுமையை நகரத்தின் வணிகம் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை அரசுக்கு வந்தது. 1920இல் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் அமைந்த பம்பாய் வளர்ச்சித் துறை, தொழிலாளர்களுக்கு 50,000 அறைகள் கட்டத் திட்டமிட்டது. கட்டும் செலவை வாடகையால் மட்டும் ஈடுகட்ட முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, பம்பாய்க்குள் வரும் பருத்திப் பொதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் நகர வரி விதித்தார்கள். ஆலையில் நூற்றவரின் அறை வாடகைக்கு அந்த ஆலைக்கு வந்த பஞ்சே மானியம் கொடுத்தது என்பது இந்தியத் தொழில் நகரங்களின் வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஏற்பாடு. ஆனால் அந்தப் பணம் போனது கான்கிரீட்டுக்கு. வொர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் 207 சால்கள், ஏறத்தாழ 16,000 அறைகள், அறைக்கு 160 சதுர அடி, மாடிக்கொரு பொதுக் கழிப்பறை என்ற அளவில் திட்டம் நின்றுபோனது. மானியம் கொடுத்த பிறகும் வாடகை தொழிலாளிக்கு எட்டவில்லை; ஆலையிலிருந்து தூரம், தண்ணீருக்கும் விளக்குக்கும் தட்டுப்பாடு. ஆயிரக்கணக்கான அறைகள் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தன. 1930இல் சட்டமறுப்பு இயக்கத்தில் கைதானவர்களை அடைக்க வொர்லிச் சால்கள் தற்காலிகச் சிறையாகவே பயன்பட்டன. அந்த ஒரு ரூபாயைக் கட்டடத்துக்குப் பதில் தொழிலாளியின் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடிய நகரத்தில் அது வாடகையை ஏற்றிவிட்டிருக்கவும் கூடும். ஆனாலும் குடியிருப்பவரின் வரவு செலவைக் கணக்கில் எடுக்காத வீடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் காலியாகக் கிடக்கும் என்பதற்கு அந்தச் சால்களே சாட்சி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். வாடகைக் கட்டுப்பாடு இருந்ததே, அது மனிதருக்கு நேரடியாகக் கிடைத்த பண உதவி இல்லையா? நியாயமான கேள்விதான். முதல் உலகப்போர் காலத்தில், 1918இல், வாடகைக்கு வரம்பு வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த அளவில் நிறுத்திவைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. மாட்டுங்காவில் ஓய்வூதியத்தை வைத்துக் காலம் தள்ளிய எத்தனையோ முதியவர்கள் தெருவுக்கு வராமல் இருந்ததற்கு இந்தச் சட்டமே காரணம். இதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இதன் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சலுகை ஒட்டிக்கொண்டது பழைய அறையின் மேல். அந்த அறைக்குள் புதிதாக வர விரும்பியவர் பகடி என்ற பெயரில் பெருந்தொகையை மறைவாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆக, 1960களில் ரயிலேறி தாதரில் வந்திறங்கிய கூலிக்காரருக்கு இந்தச் சட்டத்தால் ஒரு பைசா பயனும் இல்லை. அவர் குடிசையில் இன்னொருவருக்கு உள்வாடகைதாரராகச் சந்தை விலையைக் கொடுத்தார். பணக்காரர் பழைய வாடகையில் இருந்தார், ஏழை புதிய வாடகையில் இருந்தார். இன்னொரு பக்கம், வரும்படி இல்லாத கட்டடத்தை வீட்டுக்காரர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். வாடகையில் மிச்சமானது சுவரில் கசிந்தது. உறைந்த வாடகை நியாயமற்றதாகிவிட்டது என்று 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்து 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 சதவீத உயர்வுக்கு வழிவிட்டது. இடைப்பட்ட அரை நூற்றாண்டின் மழை அந்தச் சுவர்களில் இறங்கி முடிந்திருந்தது.

மழையைப் பெயர் சொல்லி எதிர்கொண்ட நிர்வாகம் 1969இல் வந்தது. மழைக்கு மழை கட்டடங்கள் சரிந்து மக்கள் மாண்டபோது பேடேகர் குழு ஆராய்ந்து சொல்ல, பழுதுபார்ப்பு மற்றும் மறுகட்டுமானத்துக்கென்று தனி வாரியம் அமைந்தது. பழைய வாடகைக் கட்டடங்கள்மேல் செஸ் என்ற வரி. அந்தப் பணத்தோடு அரசும் மாநகராட்சியும் பங்கு போட்டுப் பழுது பார்க்கும். தொடக்கத்தில் 19,642 கட்டடங்கள் இதில் சேர்ந்தன. அவற்றில் 16,502 கட்டடங்கள் 1940க்கு முந்தியவை. இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பு வாரியப் பொறியாளர்கள் கட்டடம் கட்டடமாகப் பார்த்து மிக ஆபத்தானவற்றின் பட்டியலை வெளியிடுகிறார்கள். இது உண்மையான பருவகாலப் பாதுகாப்பு. உலகில் பல நகரங்களில் இல்லாதது. ஆனால் இதன் எல்லைக்கோட்டைப் பாருங்கள். தீவு நகரத்துக்குள் இருக்கும் பழைய தனியார் வாடகைக் கட்டடத்துக்கு மட்டுமே செஸ். மாட்டுங்காவின் 1930களின் கட்டடம் உள்ளே. இருப்புப்பாதைக்கு மறுபுறம் அதே நகர எல்லைக்குள் இருக்கும் தாராவிக் குடிசை வெளியே. சயானைத் தாண்டிய செம்பூர் முழுவதும் வெளியே. அங்கே 1948இல் தோன்றிய வீட்டுவசதி வாரியம் திலக் நகர், சுபாஷ் நகர் போன்ற குடியிருப்புகளைக் கட்டியது. பின்னாளில் அவை குடியிருப்பவர்களுக்கே விற்கப்பட்டு, கூரைக் கசிவு சொசைட்டியின் தலையில் விழுந்தது. உள்ளே இருந்தவருக்கும் முழு நிம்மதி கிடைக்கவில்லை. பழுதுச் செலவுக்குச் சதுர மீட்டர் கணக்கில் உச்சவரம்பு, மிஞ்சியதை வாடகைதாரர் தர வேண்டும். காலி செய்தவர்க்கு டிரான்சிட் கேம்ப் என்ற தற்காலிகக் குடியிருப்பு. சில மாதம் என்று சொல்லிக் கொண்டுபோய் விடப்பட்டவர்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் அங்கேயே கிடந்து, பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்திருக்கிறார்கள். அந்தக் கேம்புக்குப் பயந்துதான் எத்தனையோ குடும்பங்கள் ஆபத்தான கட்டடத்திலிருந்து வெளியேற மறுக்கின்றன. 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் இடிந்து 33 பேர் இறந்ததும், அதற்கு நான்கு ஆண்டு முன்பு மஜ்காவில் மாநகராட்சியே தன் ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டியவை. அறிவிப்பு ஒட்டுவது எளிது; அடுத்த மாத வாடகைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு அறிவிப்பில் பதில் இருந்ததில்லை. 2025இல் 96 கட்டடங்களை மிக ஆபத்தானவை என அறிவித்தபோது, டிரான்சிட் வீடு போதாமல், காலி செய்பவர்க்கு மாதம் ரூ. 20,000 வாடகைப் பணம் தரும் ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. மனிதர் கையில் பணம் என்ற முடிவுக்கு வர வாரியத்துக்கு ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆயின, அதுவும் வேறு வழியில்லாமல்.

தாராவியை அரசு எண்ணிப் பார்க்கத் தொடங்கியதே தாமதமாகத்தான். 1971இல் குடிசைப் பகுதிச் சட்டம். 1976 ஜனவரியில் நகரம் முழுவதும் குடிசைக் கணக்கெடுப்பு. குடும்பத் தலைவரின் படம் ஒட்டிய போட்டோபாஸ். இடித்துத் தள்ளுவதிலிருந்து அந்தக் காகிதம் எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. ஆனால் குடிசைக்கு ஒரு பாஸ்தான். மேலே பலகை மாடி போட்டு அதில் வாடகைக்கு இருந்த குடும்பம், பட்டறையிலேயே படுத்துறங்கிய பையன்கள் யாரும் அதில் இல்லை. 1985 இறுதியில் பம்பாய் வந்த ராஜீவ் காந்தி அறிவித்த 100 கோடி ரூபாய் மானியத் திட்டத்திலும் தாராவிக்கு வந்த பங்கு சாக்கடை, சாலை, அடுக்குமாடி என்றே செலவானது. சாக்கடை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சதுப்பில் எழுந்த ஊருக்கு வடிகால்தான் முதல் மருந்து. ஆனால் மழை மாதத்து வருமானப் பள்ளத்தை நிரப்பும் வேலையை மக்கள் தாங்களேதான் செய்துகொண்டார்கள். ஊர்ச் சங்கமும் சாதிச் சங்கமும் கோயில் கமிட்டியும் இறப்புக்கும் திருமணத்துக்கும் கைகொடுத்தன. பெண்கள் பிடித்த சீட்டு ஜூன் மாதத்துப் பள்ளிச் செலவுக்கும் கூரைத் தகரத்துக்கும் உதவியது. இந்தத் தற்காப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இதைக் காட்டி அரசின் பொறுப்பைக் கழித்துவிட முடியாது. சீட்டு என்பது சம அளவில் கஷ்டப்படுகிறவர்கள் தங்களுக்குள் சுற்றிவிடும் பணம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது எல்லோர் வீட்டிலும் ஒன்றாகத் தண்ணீர் புகுந்தது. அன்றைக்குச் சீட்டுப் பிடித்தவர்க்கும் எடுத்தவர்க்கும் வேறுபாடு இல்லை.

1995இல் குடிசை மறுவாழ்வுத் திட்டம் வந்தபோது பிரச்சினை தீர்ந்துவிட்டதாகப் பலர் நம்பினார்கள். கட்டுநர் தன் செலவில் இலவச வீடு தருவார், மிச்ச நிலத்தில் கட்டியதை விற்று லாபம் எடுப்பார். சொந்த வீடே வந்துவிட்டால் மழைக்கால உதவி எதற்கு என்பதுதான் இன்றும் அதிகம் கேட்கும் வாதம். விதிகளே இதற்குப் பதில் சொல்கின்றன. வீட்டுக்கு 20,000 ரூபாய் வைப்புநிதி போட்டு அதன் வட்டியில் பராமரிப்பு நடக்க வேண்டும் என்றார்கள். 8 சதவீத வட்டி என்று வைத்தாலும் மாதம் 133 ரூபாய். ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் அந்தத் தொகையில் ஓடாது. பராமரிப்புக் கட்டணம் கட்ட முடியாமல் வீட்டை வாடகைக்கு விட்டோ கைமாற்றியோ மறுபடி குடிசைக்குப் போன குடும்பங்கள் ஏராளம். உடல்நலக் கணக்கு இதைவிடக் கசப்பானது. ஹெக்டேருக்குக் குறைந்தது 500 வீடுகள் என்ற விதியும் இடைவெளிக்குக் கொடுத்த தளர்வும் சேர்ந்து, செம்பூருக்கு அடுத்த கோவண்டி, மான்குர்து பக்கத்தில் மூன்று மீட்டர் இடைவெளியில் ஏழு மாடிகளை எதிரெதிரே நிறுத்தின. டிரஸ்ட் தலைவர் ஆரின் 63½ பாகைக் கணக்குப்படி மூன்று மீட்டர் இடைவெளிக்கு ஆறு மீட்டர் உயரம், அதாவது இரண்டு மாடிதான் தகும். நட்வர் பாரேக், லல்லுபாய் ஆகிய மறுவாழ்வுக் குடியிருப்புகளை, இடைவெளி அதிகமுள்ள இன்னொரு குடியிருப்போடு ஒப்பிட்டு டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பு 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. நெருக்கமான கட்டடங்களில் காசநோய் பல மடங்கு அதிகம் என்று அது கண்டது. மழையில் ஜன்னலும் சாத்தப்பட்டால் கீழ்த்தளத்து அறைக்குள் பகலிலும் விளக்கெரிய வேண்டும். அந்த மின்கட்டணமும் குடியிருப்பவர் தலையில்தான். 1912இல் தெரிந்த உண்மையை 1995இல் விதி எழுதியவர்கள் கைவிட்டது மன்னிக்கக் கூடிய செயலாக எனக்குப் படவில்லை.

செம்பூரை ஒட்டிய மாஹுல் இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். தான்சா குடிநீர்க் குழாயோரம் இருந்த குடிசைகளை அகற்றி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே இருந்த பிரம்மாண்டக் குடியிருப்பில் மக்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பகுதிக் காற்று உடல்நலத்துக்குக் கேடு என்று 2015இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருந்தது. சட்டப்படி ஒதுக்கீடு முடிந்துவிட்டது, வீட்டுச் சாவியும் கொடுத்தாயிற்று என்பது அரசின் நிலை. 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அங்கே வாழ விரும்பாத குடும்பங்களுக்கு வேறிடத்தில் வாடகைக்கு இருக்க மாதம் ரூ. 15,000மும், முன்பணமாக ரூ. 45,000மும் தரச் சொன்னது. ஒதுக்கப்பட்ட கட்டடம் கண்முன் நிற்கும்போதே, அதில் வாழும் உடல் கெடுகிறது என்பதற்காகப் பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுக்கச் சொன்ன ஆணை அது. நூற்றாண்டுக் கால நிர்வாகம் கேட்க மறந்த கேள்வியை அந்த அமர்வு கேட்டது என்று நினைக்கிறேன்.

கையில் பணம் கொடுத்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிடுவார், யார் வாடகைதாரர் என்று நிரூபிக்கக் காகிதம் இல்லை, தகுதியில்லாதவர் புகுந்துவிடுவார் என்றெல்லாம் நிர்வாகிகள் சொல்வார்கள். முதல் அச்சத்தில் உண்மை உண்டு. பணத்தை வாடகை ரசீதோடு கட்டிப்போட்டால் அது அப்படியே வீட்டுக்காரர் பைக்குப் போகும். ஆகவே குடும்பத்துக்கு, பருவத்துக்கு என்று பொதுவாகக் கொடுக்க வேண்டும். அது நடக்கக் கூடியதுதான் என்பதைத் தமிழ்நாடு காட்டியிருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையின்போது மீனவக் குடும்பத்துக்கு நிவாரணமாக இப்போது ரூ. 8,000 கிடைக்கிறது. படகு யாருடையது என்று கேட்டுவிட்டு உதவி நிறுத்தப்படுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் ரூ. 6,000 ரேஷன் கடை வழியாகப் போனபோது, வீட்டுப் பட்டாவை யாரும் கேட்கவில்லை. முறைகேடு கொஞ்சமும் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பத்து பேரில் ஒருவர் தவறாகப் பெறுவார் என்பதற்காக ஒன்பது பேரை மழையில் விடும் வழக்கம் மும்பையில்தான் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பணம் இல்லை என்ற சாக்கும் பொருந்தாது. 2025-26இல் மும்பை மாநகராட்சியின் பட்ஜெட் 74,427 கோடி ரூபாய்.

இந்த விவாதம் இப்போது அவசரமாகிறது. 2022இல் ஏலம் முடிவான தாராவி மறுமேம்பாட்டில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பதை நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். மேல்மாடியில் இருப்பவர்க்கு, பல தலைமுறை அங்கே வாழ்ந்திருந்தாலும், தாராவிக்கு வெளியே தவணை வாடகை வீடு. அதற்கென ஒதுக்கிய இடங்களில் ஒன்று தேவ்னார் குப்பைமேடு. போட்டோபாஸ் காலத்தில் கணக்கில் வராத அதே மாடிக் குடும்பங்களை, தோல்பட்டறையிலும் தையல் கூடத்திலும் நடந்து போய் வேலை செய்தவர்களை, வேலையிலிருந்து பல கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பி மாதத் தவணையும் கேட்கப்போகிறார்கள். தவணை எவ்வளவு என்பதோடு, ஜூன் முதல் செப்டம்பர் வரை வருமானம் சுருங்கும் மாதங்களில் அது குறையுமா, பராமரிப்புக் கட்டணத்தை யார் தருவார், கட்டடங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் விடுவார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒப்பந்தத்தில் எழுத்துமூலமான பதில் வேண்டும். வீடு வீடாகக் கணக்கெடுத்த குழுக்கள் தாராவிச் சந்துகளில் சுவருக்கு எண் போட்டுச் சென்றிருக்கின்றன. அதே தாளில் அந்தச் சுவருக்குள் வாடகை கொடுத்து வாழ்கிறவர்களின் பெயரையும், மழை மாதத்தில் அவர்கள் இழக்கும் கூலியையும் எழுத இரண்டு பத்தி சேர்த்தால் போதும்.